மாமியார் பள்ளத்து மாடு

காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகும் சாலையில் ‘தேளு’ கதை கட்டாத இடம் ஒரு முழம்கூடக் கிடையாது. ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். இருக்கையில் தேள் புகுந்ததுபோல் நெளிந்துகொண்டே ஓட்டுவார். அதனால் அந்தப் பெயர். சிக்னலில் வண்டி நிற்கும். அவர் காலும் வாயும் நிற்காது.

“பல்லுடைஞ்சான் மேடுன்னு ஏன் பேரு வந்துச்சு தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். காலையில் பல் உடைந்தது ஒரு பயில்வானுக்கு. மாலையில் வெள்ளைக்காரத் துரைக்கு. கேட்டால், “ரெண்டு பேருக்குந்தாம்பா உடைஞ்சுது. மேடு சும்மா இருக்குமா?” என்பார்.

எங்கள் வீடு இருப்பது மாமியார் பள்ளம். கொடுமை தாங்காத மருமகள் மாமியாரைத் தள்ளிவிட்ட பள்ளம் என்பது தேளுவின் கதை.

என் மகளைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடக் கூடாதே என்ற பதைப்போடு பேருந்து நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தேன். கிடைத்தது தேளு வண்டி.

மாப்பிள்ளையின் அம்மா பூ, பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, “அது இன்னாபா பேரு, மாமியார் பள்ளம்?” என்று கேட்டுவிட்டார். பேச்சை மாற்ற வாயெடுத்தேன். புது மனிதர்கள் முன் எனக்குப் பேச்சு வராது, இருமல்தான் வந்தது.

“அத ஏம்மா கேக்கற! ஒரு மருமக, மாமியார கூட்டிக்கினு வந்தா. பள்ளத்தாண்ட வந்ததும் ஒரே தள்ளு…”

அப்போதுதான் கண்ணாடியில் தட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. ஆட்டோ ஒரு குலுங்கு குலுங்கியது.

“தள்ளிட்டாளா?” அந்த அம்மாவின் குரல் ஏறியது.

“மருமகளா? சேச்சே! மாடும்மா, மாடு. முட்டித் தள்ளிடுச்சு. மருமக இன்னா பண்ணா? கல்யாணப் பொடவைய அவுத்து உள்ள வுட்டா. அத புடிச்சுக்கினே மாமியாரு ஏறி வந்துட்டாங்க.”

“நடுரோட்டுலயா அவுத்தா?”

“ரெண்டு பொடவ கட்டியிருந்தாம்மா. வசதியான குடும்பம்!”

“கிழியலையா?”

“காஞ்சிபுரம் பட்டும்மா! மாட்டையும் சேத்துத் தூக்கியிருக்கலாம்!”

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா என் மகளிடம் கேட்ட முதல் கேள்வி: “நான் பள்ளத்துல வுழுந்தா தூக்குவியாமா?”

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. “வுழற வரைக்கும் ஏன் வுடணும்? கைய புடிச்சுப்பேன்” என்றாள். அன்றே தாம்பூலம் மாற்றிக்கொண்டோம்.

தேளு இப்போது பள்ளத்துக்கு அந்த மாட்டுக் கதையைத்தான் சொல்கிறார். பழைய ஆட்கள் விடுவார்களா?

“யோவ், முன்ன மருமகதான தள்ளுனா?”

“எவன் சொன்னது? பொண்ணு வாழப்போன வூட்டுக்கு சேதி போவும்பா. பேசாம வா, இல்ல எறங்கு!”

அவசரமான நாளில்கூட, காலியாக வரும் மற்ற ஆட்டோக்களுக்கு நான் கை காட்டுவதில்லை.