கோபுரத்தின் முதுகிலும் ஒரு முகம்

அன்புள்ள சதாயோ அக்காவுக்கு,

தம்பி இவாவோ குனிந்து வணங்கி எழுதும் கடிதம். செர்ரிப் பூ பாதி உதிர்ந்து, காலையில் குளிரும் மதியத்தில் வியர்வையுமாக இருக்கும் இந்த நாட்களில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஹிமேஜியில் அத்தானுக்குத் தும்மல் நின்றதா? இங்கே நானும் வீட்டுக்காரி நொபுவேயும் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீங்கள் ஏழு முறை போன் செய்தீர்கள். ஏழு முறையும் நான் குளித்துக்கொண்டிருப்பதாக நொபுவே சொன்னாள். ஒரு முறைகூட நான் குளிக்கவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து 'இல்லை என்று சொல்' என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

சம்பந்தி வீட்டாரை முதன்முதலாகச் சந்திக்கப் போகும் எனக்கு நீங்கள் மூன்று உத்தரவு போட்டிருந்தீர்கள். ரயில் பேச்சை எடுக்காதே. யாரைப் பற்றியும் கருத்துச் சொல்லாதே. பரிசுப் பெட்டி அவர்கள் கைக்குப் போகும்வரை அதை விடாதே. மூன்றும் நியாயம்தான். மூன்று வருடத்துக்கு முன் வந்த நல்ல சம்பந்தம், ரயில் கதவை மூடும் முன் கண்டக்டர் ஊதும் விசிலைப் பற்றி நான் இரண்டு மணி நேரம் பேசியதில் கை நழுவிப்போனது எனக்கு மறக்குமா? சிசுருவும் முந்தின நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அப்பா, கோஹேயை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்த ஒரு தடவை மட்டும்பா," என்றாள். ஒரு தடவை மட்டும் என்ன என்று அவள் சொல்லவில்லை. முப்பத்தி நாலு வயதுப் பெண் அப்படிக் கெஞ்சும்போது அப்பன் தலையாட்டாமல் இருக்க முடியுமா?

ஏற்பாடு எளிமையானது. பதினோரு மணிக்குப் பெரியவர்கள் நாலு பேரும் அந்தக் காலத்தில் உலகப் பொருட்காட்சி நடந்த பூங்காவில், சூரியக் கோபுரத்தின் அடியில், 'முகத்துக்கு நேரே' சந்திக்க வேண்டும். சிசுருவும் கோஹேயும் ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு வருவார்கள். முப்பத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்தவன் நேரத்துக்கா போவேன்? பத்து இருபதுக்கே கோட்டும் டையும் கறுப்பு ஷூவுமாக, வயிற்றில் பெரிய முகம் உள்ள அந்த வெள்ளைக் கோபுரத்தின் எதிரில் நின்றுவிட்டேன். நொபுவே நீல விரிப்பைப் போட்டு, செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்து உட்கார்ந்தாள். பதினொன்று ஆனது. யாரும் வரவில்லை. பதினொன்று பத்து. பதினொன்று இருபத்தைந்து. உச்சியில் இருக்கும் தங்க முகம் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது.

"ஒரு போன் போட்டுப் பாருங்களேன்," என்றாள் நொபுவே.

"போட்டா என்ன அர்த்தம்? 'ஏன்யா இன்னும் வரலே'ன்னு கேக்குற மாதிரி ஆகாதா? முதல் சந்திப்பிலேயே அவங்களைத் தலைகுனிய வைக்கவா?"

"அவங்க வழியில எங்கயாவது விழுந்து கிடந்தா?"

"விழுந்து கிடக்கிறவங்களுக்குப் போன் பண்றது அதைவிட மரியாதைக் குறைவு."

அவள் மிட்டாய்ப் பையைப் பிரித்தாள். கழிப்பறைக்குப் போகிறேன் என்று பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கோபத்தில் நடந்து நடந்து குளத்துக்கே வந்துவிட்டேன். மிதிபடகுக்கு நீள வரிசை. அந்த ஓரமாக நின்று பூவைப் பார்த்தேன். எனக்கு முன்னால் என்னைப் போலவே கோட்டும் டையுமாக, கையில் துணியில் கட்டிய பெட்டியுமாக ஒரு பெரியவர் நின்றார். அவரும் பூவைத்தான் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. படகு விடும் பெண் ஒலிபெருக்கியில், "அடுத்து! தாத்தா, நீங்க ரெண்டு பேருமா? சீக்கிரம் ஏறுங்க, பின்னாடி எவ்வளவு பேர் பாருங்க!" என்றாள். நாங்கள் வரிசையில் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். நாங்கள் ஒன்றாக வரவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். பின்னால் நாற்பது பேர் காத்திருக்கும்போது எப்படி அக்கா சொல்வது? இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏறிவிட்டோம்.

கறுப்பு ஷூவோடு மிதித்தோம். நான் வேகமாக மிதிப்பேன், அவர் மெதுவாக மிதிப்பார், படகு ஒரே இடத்தில் சுற்றும். மூன்றாவது சுற்றில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் என் வாய் நிற்காதே! "ஒரு குடும்பத்துக்காகக் காத்திருந்தேங்க. வரவேயில்லை," என்றேன். "நானும் அப்படித்தாங்க," என்றார் அவர். நேரம் தவறுகிறவர்கள் நாட்டில் இவ்வளவு பேரா என்று வருந்தினேனே தவிர, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு பேசினேன். எல்லாம் பேசினேன். "மாப்பிள்ளையோட அப்பா சூப்புக்குப் போடுற காய்ந்த மீன் சீவல் மொத்த வியாபாரியாம். மீனைக் காயப்போட்டுட்டு ஆறு மாசம் சும்மா உட்கார்ந்திருக்கிற தொழில். அந்த ஆளுக்கு நிமிஷம்னா என்னன்னு எப்படித் தெரியும், சொல்லுங்க? ஆனா எங்க சிசுருவுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு. அதனாலதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றேன். அவர் கால் அப்படியே நின்றுபோனது. படகு இன்னொரு சுற்றுச் சுற்றியது.

"என்னாச்சு அண்ணே?"

"ஒண்ணுமில்லை. கால் பிடிச்சுக்கிச்சு," என்றார். தன் பெட்டியைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டார். "நீங்க ரயில்ல வேலை பார்த்தேன்னு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க."

அக்கா, என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை! விசிலில் ஆரம்பித்தேன். புயல் நாளில் பயணிகளுக்குத் தைரியம் சொன்னதைச் சொன்னேன். கடைசி நாளன்று சிசுரு நடைமேடையில் வந்து நின்று, என் ரயில் கண்ணில் மறையும்வரை தலைவணங்கி நின்றதைச் சொன்னபோது மிதிப்பதையே மறந்துவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் வந்துவிட்டது. "இதை இனிமே அந்தக் காத்திருக்கத் தெரியாத... இல்லை, காக்கவைக்கத் தெரிஞ்ச ஆளுக்கா குடுக்கப் போறேன்?" என்று சொல்லிப் பெட்டியைப் பிரித்தேன். நீங்கள் தேடித்தேடி வாங்கி அனுப்பிய செஸ்ட்நட் இனிப்பு, பன்னிரண்டு. அவர் முதலில் மறுத்தார், அப்புறம் ஏழு சாப்பிட்டார். மீதி ஐந்து நான்.

ஒரு மணி நெருங்கியதும், "உங்களோட கொஞ்ச தூரம் வர்றேன்," என்று அவரும் கூடவே நடந்தார். கோபுரத்தருகில் வந்தால், எங்கள் நீல விரிப்பில் நொபுவேயும் முன்பின் தெரியாத ஓர் அம்மாளும் காலை நீட்டிக்கொண்டு மிட்டாய் சப்பிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் சிசுரு, கோஹேய், சாப்பாட்டு அடுக்குகள். அந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும், "எங்கே போய்த் தொலைஞ்சீங்க? நீங்க என்னைக் கறுப்பு முகத்துக்கு நேரே ஒரு மணி நேரமா நிக்க வச்சீங்களே, சுத்தி வந்து பார்த்தா இவங்க இந்தப் பக்கம்தான் நின்னிருக்காங்க!" என்று என் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கத்தினாள். கோபுரத்தின் முதுகிலும் கறுப்பாக ஒரு முகம் இருப்பது உங்களுக்கே தெரியுமே. பொருட்காட்சி நடந்த வருடம் பத்தொன்பது வயதில் அந்தப் பக்கத்துத் திடலைப் பெருக்கிக்கொண்டிருந்தவராம் அவர். தினமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது கறுப்பு முகம்தான். அவருக்கு அதுதான் முன்பக்கம். அவரும் போன் செய்யவில்லை. கேட்டால், நாங்கள் தலைகுனிய நேருமே என்றாராம்.

அப்படியானால் இவர்தான் சம்பந்தி! மீன், ஆறு மாசம், நிமிஷம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. சிசுருவைப் பார்த்தேன். அவள் முகத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய அதே பயம்.

ஆனால் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டடி பின்னால் போய், இடுப்பு வரை குனிந்து, "முதல் தடவையா சந்திக்கிறோம். நான் நராஹாஷி. மீன் சீவல் வியாபாரம். நிமிஷம்னா என்னன்னு இன்னைக்குத்தான் ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டேன்," என்றார். நானும் குனிந்தேன். குனிந்த இடத்தில் தலைகள் முட்டிக்கொண்டன. அவர் மெல்ல, "பொண்ணு பேரைச் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்லியிருந்தா நீங்க குளத்துல குதிச்சிருப்பீங்க. எனக்கு நீச்சல் தெரியாது," என்றார்.

நொபுவே சும்மா இருப்பாளா! "அந்தப் பெட்டியை முறையாக் குடுங்க," என்றாள். கொடுத்தேன். அந்த அம்மாள் இரு கையாலும் வாங்கினாள், கனமே இல்லை, திறந்தாள், காகிதம்தான் இருந்தது. எங்கள் இருவர் டையிலும் ஒரே செஸ்ட்நட் தூள். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். முதலில் சிரித்தது சிசுரு. கோஹேய் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று அக்கா! அதைப் பார்க்க நான் இன்னும் பத்து முறை முட்டாளாகத் தயார். சாப்பாடு முடிந்ததும் நராஹாஷி தன் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். ஆறு மாதம் காய்ந்த மீன் சீவல். அதைப் போட்டு வைத்த சூப்பை இப்போது தினமும் காலையில் குடிக்கிறேன், அவ்வளவு ருசி.

ஆகவே சம்பந்தம் உறுதி. உங்கள் உத்தரவுகளில் மூன்றாவதை மட்டும் நான் மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். பெட்டியில் இருந்தது சரியான ஆள் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அத்தானுக்கு வணக்கம். மகரந்தம் பறந்து ஓயும்வரை ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் முழங்காலும் எங்கள் சிசுருவின் வாழ்வும் ஒருசேர நிமிர்ந்து நிற்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தம்பி
இவாவோ

பி.கு.: இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது முறையான சந்திப்பே ஆகாது, கணக்கில் சேராது என்று இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வருகிற ஞாயிறு பதினோரு மணிக்கு ஓர் உணவகத்தில், நீங்கள் முன்னிலை வகிக்க, முதல் சந்திப்பு முதலிலிருந்து நடக்கும். நீங்கள்தான் எங்கள் இருவரையும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, நினைவிருக்கட்டும். அந்த உணவகத்துக்கு இரண்டு வாசலாம். நீங்கள் முன்வாசலிலேயே இருங்கள். நானும் நராஹாஷியும் பத்து இருபதுக்கே பின்வாசலில் நிற்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது.