இருபது முழம் வயலை நான் வென்ற வரலாறு

லார்சா நகரத்துக் கோயிலில் நிலப் பத்திரக் களிமண் பலகைகளைக் கட்டிக் காக்கும் என் அக்காள் மகன் இப்பி-அதாத்துக்கு, வாய்க்கால் கரையின் சிங்கமாகிய உன் மாமன் அவீல்-இலி சொல்லி அனுப்புவது: நீ நலமாயிரு, உன் எழுத்தாணி மழுங்காதிருக்கட்டும், மற்ற நலமெல்லாம் இங்கே என்னிடமே குவிந்து கிடக்கிறது.

மருமகனே, இந்த ஆண்டு யூப்ரடீஸ் வந்த வரத்தை என்னவென்று சொல்வேன்! மீன்கள் பேரீச்சை மரத்தில் ஏறிப் பழம் பறித்தன. வரப்பு போச்சு, எல்லைமுளை போச்சு, எது எவன் வயல் என்று தவளைக்கும் தெரியவில்லை. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நான் ஒருவன்தான் இடுப்பளவு சேற்றில் இறங்கி, பக்கத்து வயல்காரன் குர்ருதும் எழுந்து வருவதற்குள் புது முளையை அடித்தேன். வாய்க்காலோரம், அவன் பக்கமாக இருபது முழம் மட்டும் தள்ளி. முதல் தண்ணீர் பாயும் இடம் அல்லவா, வாற்கோதுமை யானை உயரத்துக்கு வரும். கையில் படகுக் கழியோடு வந்து சேர்ந்தான் குர்ருதும்.

"என்னண்ணே, வெள்ளம் உங்க வயல மட்டும் புடிச்சு இழுத்து நீட்டிடுச்சா?"

"எங்கப்பன் காலத்துலேருந்து முளை இங்கதாண்டா இருக்கு. சூரிய தேவன் ஷமாஷ் மேல ஆணை!" என்றேன். அன்று நல்ல மேகமூட்டம், அவர் பார்த்திருக்க வழியில்லை.

அவன் கழியால் வாய்க்காலை இரண்டு குத்துக் குத்திப் பார்த்தான். "நீங்க சொன்னா சரிதாண்ணே. ஏழு சாட்சிய வச்சு எழுதியே குடுத்துடறேன்" என்றான்.

உன் அத்தை நராம்தும் மட்டும், "இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிறானே, உங்களுக்கு உறுத்தலா இல்ல?" என்றாள். "என் கம்பீரத்தப் பாத்து நடுங்கிட்டாண்டி!" என்று விளக்கினேன். ஆகவே நீ அந்த நிலத்தை என் பேரில் பதித்து, 'ஆறு வற்றினாலும் இதை மாற்றலாகாது' என்று ஆழமாகக் கீறிச் சூளையில் சுட்டுவிடு.

உன் வயல் விளைய, உன் பானை பொங்க, எதிரியின் மடை அடைபட வாழ்த்தும் மாமன்.

பின்குறிப்பு, பலகையின் ஓரத்தில்: சுடாதே! இன்று தலைமடையை அடைத்தார்கள், வாய்க்கால் வடிந்தது. ஆறு இந்த ஆண்டு சுமந்து வந்த வண்டல் அத்தனையும், மலை மலையாக, சரியாக அந்த இருபது முழத்தை ஒட்டிய வாய்க்காலில்தான் உட்கார்ந்திருக்கிறது. வாய்க்கால் அதிகாரி கயிறு போட்டு அளந்துவிட்டு, "யார் வயலோ அவங்கதான் தூர் வாரணும். பத்து நாள்ல தண்ணி வரலேன்னா கீழூர்க்காரன் நானூறு பேரும் உன் வீட்டுக்குத்தான் வருவான்" என்கிறார். முளையைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டேன். குர்ருதும் அதைப் பிடுங்கி, துடைத்து, மரியாதையாக என் பக்கமே கொண்டுவந்து அடித்துவிட்டான். சாட்சிகளோடு அவன் எழுதிய பலகை என் கழுதை மேலேயே உன்னிடம் வந்துகொண்டிருக்கிறது. இரவல் கேட்டான், பெருந்தன்மையாகக் கொடுத்தேன். ஈரக் களிமண்தான், கை தவறியதுபோல் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கரைத்துவிடு. மனசாட்சி இடம் தராவிட்டால் மண்வெட்டியோடு உடனே கிளம்பி வா, ஆளுக்குப் பத்து முழம்.