நெஞ்சில் நின்ற வாழைக்காய் பஜ்ஜி

வலி மாத்திரை போடுகிறவனைவிட, போடவே இல்லை என்று சாதிக்கிறவன்தான் ஆபத்தான ஆள். நான் இரண்டாவது வகை.

ஊரிகத்திலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலில் நின்றுகொண்டே போய்வந்ததில் முதுகில் டிஸ்க் நழுவியது. பத்து நாளைக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த வீரியமான மாத்திரையை நாலு மாதம் விழுங்கினேன். (ஒரு மருந்துக்கடைக்காரர் கேள்வி கேட்டதும் கடையை மாற்றினேன். அவ்வளவு புத்திசாலி.) சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கும். ‘கேஸ்’ என்று சோடா குடிப்பேன்.

இந்த லட்சணத்தில் ராபர்ட்சன்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். முதுகுவலி தெரிந்தால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று அம்மா எச்சரித்திருந்தார். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தேன்.

பெண் கலைச்செல்வி, நர்ஸ். அவர் நீட்டிய தட்டிலிருந்து ஒரு வாழைக்காய் பஜ்ஜியை இரண்டே வாயில் முடித்தேன். அது நடு நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் பஜ்ஜிக்கு மேல் நின்றது. கண்ணில் நீர் வழிந்தது.

“இன்னாம்மா, மாப்பிள்ளை அழுவுறாரு?” என்றார் பெண்ணின் அப்பா.

“பொண்ணைப் புடிச்சுப்போச்சு, அதான்,” என்றார் அம்மா, கொஞ்சமும் கூசாமல்.

எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். எல்லாம் அவர்களுடைய மல்லிச் செடியில் விழுந்தது.

கலைச்செல்வி பின்னாலேயே வந்தார். “இன்னா மாத்திரை போடுறீங்க?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“சட்டைப் பையில தெரியுதே, அது இன்னா?”

அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

“இது அபினி வகை மருந்துங்க. சாப்பாட்டுக் குழாய் ஒழுங்கா தள்ளாது, வயித்துக்குள்ள போற அதோட வாயும் சரியா தெறக்காது. எத்தினி மாசமா?”

“நாலு.”

அம்மா தலையில் கை வைத்தார்.

“சட்டுனு நிறுத்தாதீங்க, ஒடம்பு படுத்தும். டாக்டருகிட்ட உண்மையச் சொல்லி கொஞ்சங்கொஞ்சமா கொறைங்க. அப்புறம் வாங்க, பேசலாம்.”

அந்த மாத்திரை இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பதே குறைக்கத் தொடங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. பயந்துபோனேன். முழுசாக நிறுத்த மூன்று மாதம் ஆயிற்று. திரும்பப் போய், மொத்தக் குடும்பமும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பஜ்ஜியை மென்று விழுங்கிக் காட்டிப் பெண்ணைக் கேட்டேன்.

இன்றும் பந்தியில் எனக்கு இரண்டாவது முறை பரிமாற வருபவரை மாமனார் கை காட்டி நிறுத்துவார். “இருப்பா. மாப்பிள்ளைக்கு மொதல்ல போட்டது எறங்கிடுச்சா?”

கதை தெரியாத என் சின்ன மகள், சாப்பிடும்போது கேட்கவேண்டிய மரியாதை அது என்றே நினைத்துவிட்டாள். போன வாரம் என் மேலாளர் வீட்டுக்கு வந்தார். முதல் வாய் கேசரியை அவர் விழுங்கியதும் பக்கத்தில் போய்ப் பணிவாகக் கேட்டாள்:

“அங்கிள், எறங்கிடுச்சா?”

அதற்குப் பிறகு அவர் எதையும் தொடவில்லை.