உலகப் புகழுக்கு நாற்பத்திரண்டாவது காரணம்

உலகமே அண்ணாந்து பார்க்கும் விமான நிலையத்தின் புகழ்ப் பிரிவுத் துணை மேலாளரும், நாளைக் காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் என் மகளைக் கைப்பிடிக்க இருப்பவருமான தம்பி அவர்களுக்கு,

பெண்ணின் தகப்பன், ஓய்வுபெற்ற பேருந்து நிலைய அறிவிப்பாளர், தங்கள் அலுவலகத்தின் 'உங்கள் அனுபவம் எப்படி?' என்கிற படிவத்தில் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். முழங்கால் மட்டும் நலமாக இல்லை; அதற்குத் தாங்கள்தான் காரணம், பின்னால் விவரமாக வருகிறேன். அங்கு தாங்களும், தங்கள் தாயாரும், ஒரு வாரம் முன்பே புறப்பட்டு வந்துவிட்ட என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகளின் நலத்தை விசாரிக்கும் தைரியம் இந்த நிமிடம் எனக்கு இல்லை.

படிவத்தில் எனக்கு ஒதுக்கியிருக்கும் இடம் மூன்று வரி. அதற்கு மேலே சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என்று மூன்றை அச்சிட்டு, ஏதாவது ஒன்றை டிக் அடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். என் முகம் அந்த மூன்றிலும் சேராது. ஆகையால் உதவி மேசையில் இருக்கும் பெண்ணிடம் எட்டுப் படிவம் கேட்டு வாங்கினேன். "எவ்வளவு வேணும்னாலும் எழுதுங்கய்யா. நான் ஃபோட்டோ எடுத்து நேரா எங்க சார் ஃபோனுக்கே அனுப்பிடுவேன். சார் லீவுல இருக்காரு, நாளைக்கு அவருக்குக் கல்யாணம்" என்றாள். "தெரியும்மா" என்றேன். "பொண்ணோட அப்பா வருவாரா மாட்டாரான்னு ஒரே கவலையா இருந்தாரு. கடைசில அவர் ஒத்துக்கிட்டாராம். அன்னிக்கு ஆபீஸ் பூரா ஸ்வீட் குடுத்தாரு" என்றாள். நான் பேனா மூடியைத் திறந்தேன்.

விஷயம் இதுதான். இன்று மதியம் இரண்டு நாற்பதுக்குப் புறப்பட்ட விமானத்தில் பதினான்காம் வரிசை ஜன்னலோர இருக்கை காலியாகப் பறந்திருக்கிறது. அதில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். மகளுக்கு ஃபோன் போட்டு, "ஃபிளைட்ட விட்டுட்டேம்மா" என்றேன். அவள் கத்துவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். கத்தவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று இரண்டு வருடம் நான் ஒற்றைக்காலில் நின்றபோதுகூட அவள் என்னோடு மல்லுக்கு நின்றாளே தவிர, இப்படி ஒரு 'சரிப்பா' சொன்னதில்லை தம்பி. அடுத்து என் மனைவி கூப்பிட்டு, "வேணும்னேதானே விட்டீங்க? வரப் பிடிக்கலைன்னா வீட்லயே இருந்திருக்கலாமே, எதுக்கு பாதி வழி வந்து பிள்ளை மனசை உடைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவளும் வைத்துவிட்டாள்.

அடுத்த விமானம் நாளைக் காலை ஒன்பதுக்கு. அங்கே இறங்க ஒன்றரை ஆகும். பதிவு அலுவலகம் நாலு மணி வரை திறந்திருக்கும் என்று விசாரித்துவிட்டேன். கையெழுத்தைப் பதினொன்றிலிருந்து மூன்றுக்குத் தள்ளிவைத்தால் நான் வந்து நிற்பேன். ஆனால் அப்பா வேண்டுமென்றே தவறவிடவில்லை என்று அவள் நம்பினால்தான் தள்ளிவைக்க ஒத்துக்கொள்வாள். நான் சொன்னால் நம்ப மாட்டாள், நீங்கள் சொன்னால் நம்புவாள். அது எனக்கு ஒரு தனி வயிற்றெரிச்சல், அதை இப்போது விட்டுவிடுவோம். குற்றம் முழுக்க முழுக்கத் தங்கள் விமான நிலையத்தின் உலகப் புகழுடையது என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லத் தங்களுக்கு வேண்டிய ஆதாரங்களைக் கீழே கொடுக்கிறேன்.

முதல் ஆதாரம், தாங்கள் எடுத்துக் கொடுத்த டிக்கெட். நேராகப் போகிற விமானம் ஒன்று இருக்கும்போது, மாமனார் நம் உத்தியோகத்தின் அருமையைக் கண்ணாரப் பார்க்கட்டும் என்று இங்கே இறக்கிவிட்டு ஐந்து மணி நேரம் இடைவெளி விட்டு ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். "விளம்பரம் பண்றதெல்லாம் ஒரு வேலையா" என்று நான் எப்போதோ சொன்னதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். போதாததற்கு, இறங்கியதும் என் கையில் கிடைக்கும்படி 'உலகம் நம்மைப் போற்றும் நாற்பத்தொரு காரணங்கள்' என்கிற புத்தகம் வேறு. நாற்பதாவது காரணம் வரை வரிக்கு வரி படித்தேன். அருவி இருக்கிறது, பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது, கால் புதையும் தரைவிரிப்பு இருக்கிறது, நடைபாதையில் தெளிக்கிற வாசனைக்கு மட்டும் தனி ஆள் போட்டிருக்கிறீர்களாம். விமானம் என்கிற சொல்லை மட்டும் அந்த நாற்பதில் எங்கேயும் காணோம். அது ஒரு சில்லறை விஷயம் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது.

சரி, வந்ததற்குப் பார்ப்போம் என்று கிளம்பினேன். ஆறு மாடி உயரத்திலிருந்து கட்டடத்துக்குள்ளேயே அருவி விழுகிறது, அதற்கு முந்நூறு பேர் முதுகைக் காட்டி நின்று தங்களைத் தாங்களே படம் எடுக்கிறார்கள், அருவியைப் பார்த்தவன் நான் ஒருவன்தான், அங்கிருந்து இருபத்தேழாம் கேட் எங்கே என்று கேட்டால் பட்டாம்பூச்சித் தோட்டம் வழியாகப் போகச் சொன்னார்கள், உள்ளே போனால் வெளியே வருவதற்கு ஒரு கதவு, அதைத் திறந்தால் இன்னொரு கதவு, நடுவில் ஒரு காவலர் என்னை நிறுத்தி "ஐயா, சட்டையில பூச்சி ஏதும் ஒட்டிக்கிட்டு வருதான்னு பாக்கணும், கையைத் தூக்குங்க" என்றார், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன், இரண்டு பூச்சி பிடித்தார். அடுத்தது தாங்கள் ஏழாம் பக்கத்தில் வண்ணப்படத்தோடு போட்டிருக்கிற நகரும் நடைபாதை, உலகத்திலேயே நீளமானதாம், ஏறினால் சுகமாகத்தான் இருந்தது, முக்கால்வாசி போனபிறகுதான் எதிர்த்திசையில் போகிறேன் என்று தெரிந்தது, நடுவில் இறங்க வழியில்லை, கடைசிவரை போய் மறுபடி வந்தேன். முழங்கால் போனது அங்கேதான். கால் பிடித்துவிடுகிற நாற்காலி ஒன்றைப் பார்த்து உட்கார்ந்தால், அது காலோடு சேர்த்து என்னையே பிடித்துக்கொண்டது. பதினைந்து நிமிடம் முடிகிறவரை விடாதாம். பக்கத்து நாற்காலியில் மாட்டியிருந்த ஒருவர் "அசையாம இருந்தீங்கன்னா வலிக்காது" என்று அனுபவத்தில் சொன்னார்.

நேரம் பார்க்கலாம் என்று திரையைப் பார்த்தால், என் விமானத்தின் வரி வருவதற்கும் 'உலகின் தலைசிறந்த விமான நிலையத்துக்கு வந்திருக்கிறீர்கள்' என்கிற வரி குறுக்கே ஓடுவதற்கும் சரியாக இருந்தது. நாலு தடவை பார்த்தேன். எங்கே வந்திருக்கிறேன் என்பது நன்றாகத் தெரிந்தது, எப்போது போவேன் என்பதுதான் தெரியவில்லை.

இவ்வளவையும் தாண்டி, சரியாக இரண்டு மணிக்கு இருபத்தேழாம் கேட்டுக்கு எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டேன் என்பதை என் மகளுக்குத் தடித்த எழுத்தில் சொல்லுங்கள். உட்கார்ந்து காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். எதற்கு? அறிவிப்புக்கு. முப்பத்தொரு வருடம் மைக்கைப் பிடித்த ஆள் நான். எட்டு ஐந்து வண்டி என்றால் ஏழு ஐம்பதுக்கு ஒரு தடவை, எட்டுக்கு ஒரு தடவை, எட்டு நாலுக்குக் கொஞ்சம் கோபமாக ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை கூப்பிடுவேன். அதற்கும் வராதவரை "நீலக் கட்டம் போட்ட சட்டை, டீ குடிச்சது போதும், வண்டி கிளம்புது" என்று அடையாளம் சொல்லியே வரவழைப்பேன். ஊரில் என்னை மைக் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பேருந்து நிலையத்துக்கே இந்த மரியாதை என்றால், உலகப் புகழ் பெற்ற இடத்தில் எப்படியெல்லாம் கூப்பிடுவார்கள் என்று கேட்க ஆசையாகவே உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. சுற்றியிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய் வரிசையில் நின்றார்கள். ஏதோ இலவசமாகக் காபி கொடுக்கிறார்கள் போல, நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். வரிசை கரைந்தது. கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் பின்னாலேயே நகர்ந்து போயிற்று.

உதவி மேசைக்கு ஓடினேன். "ஏம்மா, ஒரு வார்த்தை கூப்பிடலையேம்மா?" என்றேன். "இது அமைதி விமான நிலையங்கய்யா, இங்க அறிவிப்பே கிடையாது" என்றாள். "எதுக்காம்?" என்றேன். "அதுக்குத்தாங்க நமக்கு உலக அளவுல பேரு. எங்க சாரோட யோசனை" என்றாள். புத்தகத்தைப் புரட்டினால் நாற்பத்தோராம் காரணமாக அதைப் போட்டு, பக்கத்தில் தங்கள் புகைப்படத்தையும் போட்டிருக்கிறார்கள். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். நல்ல படம். அறிவிப்பாளர் வீட்டில் பெண் எடுக்கிறவர் ஊரில் உள்ள மைக்கையெல்லாம் பிடுங்கிப் போட்டிருக்கிறார் என்பதை எங்கள் சங்கத்தில் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

அடுத்த பதிப்பில் நாற்பத்திரண்டாவது காரணம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பெற்ற மகளின் கல்யாணத்துக்குப் போன தகப்பனை, கேட்டிலிருந்து இருபதடி தூரத்தில், அவனுடைய தூக்கம்கூடக் கலையாமல், அவ்வளவு மரியாதையாக விட்டுவிட்டுப் போன ஒரே விமான நிலையம் என்று போடுங்கள். நான் தூங்கவில்லை, ஆனால் விளம்பரத்துக்கு அது எடுப்பாக இருக்கும். படம் வேண்டுமென்றால் நானும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்கத் தயார்.

ஆகவே ஐயா, குற்றம் என்னுடையது அல்ல, அமைதியுடையது என்பதை என் மகளிடம் தாங்களே தங்கள் வாயால் ஒப்புக்கொண்டு, கையெழுத்தை மூன்று மணிக்கு மாற்றிவைக்க வேண்டும். தங்கள் தாயாருக்கு என் வணக்கங்கள். என் மனைவியிடம் நான் சாப்பிட்டேன் என்று சொல்லவும். தங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம் உண்டு. தங்களுக்கு உண்டானதில் கொஞ்சம் மட்டும் நாளை நேரில் தருவதாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இருபத்தேழாம் கேட்டிலிருந்து,
மைக் ஐயா

பி.கு.: படிவங்களைக் கொண்டுபோய் உதவி மேசையில் கொடுத்தேன். அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை அனுப்பினா அந்த கேட்ல டூட்டி பாத்த பொண்ணுகிட்ட விளக்கம் கேப்பாங்க. வராத பயணியைப் போய்த் தேடணும்னு விதி இருக்கு. அவ தேடலைன்னு ஆயிடும். சேந்து ரெண்டு மாசம்தான் ஆகுது" என்றாள். படிவங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, இதைப் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

அந்தப் பெண் தேடினாள். என் பெயரைப் பெரிதாக எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாக வந்தாள். எனக்கு எதிரில் குனிந்து, "ஐயா, இது நீங்கதானே?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். போனவள் திரும்பி வந்து, "நிச்சயமா நீங்க இல்லையாங்கய்யா?" என்றாள். "நான் இல்லம்மா. அந்த ஆள் பாத்ரூம் பக்கம் போன மாதிரி இருந்துச்சு" என்று கையையும் காட்டினேன். பாவம், நம்பி ஓடினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்த பிறகும் கதவு திறந்துதான் இருந்தது. நான் அசையவில்லை.

கல்யாணத்துக்கு வரக்கூடாது என்று நினைத்து நான் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை தம்பி. நாளைக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டை எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக இல்லை, முடியாது, மாட்டேன் என்றே சொல்லிப் பழகிய வாய். அட்டையோடு வந்தவள் கேட்டதும் அதுதான் வந்தது. வந்ததை மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காகப் பெற்ற பெண்ணின் கல்யாணத்தையே விட்டுவிட்டேன். விமானம் நகர்ந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முன்பக்கத்தில் எழுதியதில் முழங்கால் வலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கேட்டில் இருந்த பெண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தங்கள் அலுவலகத்தில் எழுதிப் போடுங்கள்.

இந்தப் பக்கத்தை என் மகளிடம் காட்டாதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். காட்டுங்கள். காட்டிவிட்டு, பதினொன்றா மூன்றா என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். எதுவானாலும் ஒன்றரைக்கு நான் அங்கே வந்து இறங்குவேன்.