குப்லி மொழிக்கு மூன்றாவது ஆள்

காதல் திருமணத்தைப் பதிய வருகிறவர்கள், அந்தக் காதலை அங்கீகரிக்கப்பட்ட ஒரு மொழியில் அதிகாரி முன்னிலையில் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஒரு நல்ல நாளில் உத்தரவு வந்தது. உத்தரவுக்குக் காரணம் கேட்கிற கெட்ட பழக்கம் நமக்கு ஏது? டெய்லரும் மருந்துக்கடைக்காரியும் போய் வரிசையில் நின்றார்கள்.

முன்னால் நின்ற ஜோடி பிரெஞ்சில் சொன்னது. அதற்கு முந்தைய ஜோடி, யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உண்டாக்கிய மொழியில், மூக்கால் சொன்னது. அதுதான் இப்போது ஃபேஷனாம்.

"உங்க மொழி?" என்றார் அதிகாரி.

"குப்லி, சார். எங்க கடை ரெண்டும் எதிரெதிர். நடுவுல பஸ் சத்தம். 'குப்லீ'ன்னு கத்தினாதான் காதுல விழும். ஆசையா இருக்குன்னு அர்த்தம். கடையைச் சாத்தலாமான்னும் அர்த்தம்" என்றான் டெய்லர்.

"எத்தனை பேர் பேசுறாங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேர் பேசினா அது ரகசியம். மூணு பேர் பேசினாத்தான் மொழி."

கருணையுள்ள நிர்வாகம் மூன்றாவது ஆளையும் தானே கொடுத்தது. குப்லி கற்றுவர ஹெட்கிளார்க் அரசுச் செலவில் அனுப்பப்பட்டார். மருந்துக்கடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தார் மனுஷன். எதிரே டெய்லர் அதைப் பார்த்துப் பார்த்துச் சட்டைகளுக்குக் கை மாற்றித் தைத்தான்.

தேர்வு நாளில் ஹெட்கிளார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு "குப்லீ!" என்றார். கணீரென்று இருந்தது. மருந்துக்கடைக்காரிக்கே கடையைச் சாத்தத் தோன்றிவிட்டது. டெய்லருக்கோ நாக்கு ஒட்டிக்கொண்டது. "லுக்பி" என்றான்.

"குப்லியைப் பிழையறப் பேசுவோர் மணமகளும் ஹெட்கிளார்க்கும் மட்டுமே. ஆகவே திருமணம் இவ்விருவருக்கும் பதிவு செய்யப்படுகிறது" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். ஹெட்கிளார்க் தலையை வாரிக்கொண்டார்.

டெய்லருக்குப் பொறுக்கவில்லை. "அட போங்கய்யா! எனக்கு இவளை ரொம்பப் பிடிச்சிருக்கு. இவ இல்லாம என்னால முடியாது!"

"எனக்கும்தான்டா, மடையா" என்று அவள் அழுதேவிட்டாள்.

அதிகாரியின் பேனா நின்றது. "இது என்ன மொழி? இங்க யாரும் பேசிக் கேட்டதில்லையே?"

"வீட்ல பேசுறதுதான் சார்" என்றான் டெய்லர்.

"வீட்லயா?" அதிகாரி வரிசையைப் பார்த்தார். "சரி, ரெண்டு பேர் ஆச்சு. வீட்ல இப்படிப் பேசுற மூணாவது ஆள் யாராவது இருக்கீங்களா?"

சான்றிதழ் வாங்க வந்திருந்த பிரெஞ்சு ஜோடி செருப்பைப் பார்த்தது. இருபது வருஷமாகக் குடும்பம் நடத்தும் பியூன் ஃபேனைப் பார்த்தார். அதிகாரியும் தன் வீட்டை நினைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு 'பேச ஆளில்லாத மொழி; மனு தள்ளுபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.