முள் பொய் சொல்லாது

முள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு நகர்ந்ததும் ஆய்வாளர் ஏ.சி.யை அணைத்தார்.

"என்னங்க, கேக்!" என்று அலறினாள் மனைவி.

"கேக் அப்புறம். முதல்ல கியர் பாக்ஸ்."

"கியர் பாக்ஸையா நாலு மணிக்குத் தட்டுல வெச்சு நீட்டப் போறேன்?"

பின் இருக்கையில் மூன்று அடுக்கு கேக்கை மடியில் சுமந்திருந்த மாமியார், பெட்டியின் மூடியைக் கழற்றி விசிற ஆரம்பித்தார். விசிறியது தனக்கா, கேக்குக்கா என்று தெரியவில்லை.

மலை உச்சியில் இருந்த ஹோட்டலுக்கு நாலு மணிக்குள் அந்தக் கேக் போய்ச் சேர வேண்டும். தலைமைச் சமையல்காரர் ருசி பார்ப்பார். பிடித்துவிட்டால் வாரா வாரம் ஆர்டர், ஹோட்டல் முகப்பிலேயே ஒரு சின்னக் கடை. பிடிக்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இரண்டு வருடமாக வீட்டுச் சமையலறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கேக் செய்துகொண்டிருந்தவளுக்கு, இப்படி ஒரு கதவு திறந்தது இதுதான் முதல் தடவை. அந்த நம்பிக்கையில் மின்னடுப்பு, கண்ணாடி அலமாரி, இரண்டு மேஜை எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றி ஜீப்பின் வாலில் கட்டியாகிவிட்டது.

ஜீப் அவள் தம்பியுடையது. தம்பி கோழிக்குஞ்சு வியாபாரி. சாவியைக் கொடுக்கும்போது அவன் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னான்.

"மாமா, இது தானா கியர் மாத்திக்கிற வண்டி. பாரத்தை இழுத்துக்கிட்டு மலை ஏறினா கியர் பாக்ஸ் ஆயில் கொதிச்சிடும். ஆயில் கொதிச்சா பாக்ஸ் காலி. போன மாசம்தான் புதுசு போட்டேன். பார்த்து!"

"பார்த்து" என்பதை அவர் உத்தியோக முறையில் எடுத்துக்கொண்டார். அவர் எடையளவு ஆய்வாளர். இருபது வருடமாகக் கடை கடையாக ஏறித் தராசு முட்களைப் பார்த்து முத்திரை குத்துகிறவர். மனிதர்கள் சொல்வதை நம்ப மாட்டார். முள் சொன்னால் நம்புவார். ஜீப்பில் ஏறியதும் அவர் தேடியது முள்ளைத்தான். முன் கண்ணாடிக்குக் கீழே வட்டமாக, பச்சை மஞ்சள் சிவப்பு என்று மூன்று வர்ணத்தோடு ஒரு மீட்டர் ஒட்டியிருந்தது. விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். முள் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"கருவி சுத்தம்" என்று வாயாலேயே முத்திரை குத்திவிட்டு வண்டியைக் கிளப்பியிருந்தார்.

இப்போது அந்த முள் மஞ்சளின் நடுவுக்கு வந்துவிட்டது.

"ஏ.சி.யை நிறுத்தியும் ஏறுதே?" வண்டியை ஓரம் கட்டி மச்சானுக்குப் போன் போட்டார். "மச்சான், சூடு ஏறுதுடா!"

கோழிக்குஞ்சுகளின் கூச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் வந்தது. "பதறாதீங்க மாமா. ஓவர்டிரைவ் பட்டனை அணைச்சா பெரிய கியருக்குப் போகாது, சின்ன கியர்லயே மெதுவா ஏறுங்க. நிறுத்தினா இன்ஜினை அணைச்சிடாதீங்க, நியூட்ரல்ல ஓடட்டும், அப்பத்தான் ஆயில் சுத்தி வந்து ஆறும். ரொம்ப முடியலைன்னா ஹீட்டரைப் போடுங்க. இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கும்."

"ஹீட்டரா? இந்த வெயில்லயா?"

பதிலுக்கு நூறு கோழிக்குஞ்சுகள் கத்தின. லைன் அறுந்தது.

ஆய்வாளர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து மறுபடி வண்டியைக் கிளப்பினார். "கண்ணாடியை எல்லாம் ஏத்துங்க. வெளிக்காத்து வந்தா ஹீட்டர் எப்படி வேலை செய்யும்?"

"மாப்பிள்ளை, நான் கேக்கைக் கொண்டு போறேனா, இல்ல இங்கயே வேக வைக்கிறேனா?" என்றார் மாமியார்.

"ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க அத்தை."

இரண்டு நிமிடத்தில் முள் துள்ளிக்கொண்டு சிவப்புக்குப் போனது. கேக்கின் மேலடுக்கு, பஸ்ஸில் தூங்குகிறவர் மாதிரி மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"போச்சு! நிறுத்துங்க!" என்றாள் மனைவி.

நிறுத்தினார். சொன்னபடி நியூட்ரலில் இன்ஜின் ஓடியது, ஹீட்டரும் ஓடியது. மாமியார் பின்கதவை அகலத் திறந்து, கேக்கோடு இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

முள் கீழே இறங்க ஆரம்பித்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை.

ஆய்வாளரின் கண்கள் சுருங்கின. "அத்தை, கொஞ்சம் ஏறி உக்காருங்க. கதவைச் சாத்துங்க."

ஏறினார். சாத்தினார். முள் ஏறியது.

"இறங்குங்க."

இறங்கினார். முள் இறங்கியது.

"ஏறுங்க."

"இது என்ன மாப்பிள்ளை, விளையாட்டா?"

"மூணு தடவை பார்க்காம நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன் அத்தை."

மூன்றாவது தடவையும் முள் சொன்னபடி கேட்டது. ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. வண்டியில பாரம் ஜாஸ்தி. அது எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சு."

மாமியார் எழுந்து நின்றார். "என்னையா சொல்றீங்க?"

"நான் சொல்லலை அத்தை. முள் சொல்லுது."

"ஏங்க, பின்னால என் மின்னடுப்பு இருக்கு," என்று குறுக்கே வந்தாள் மனைவி. "அதைத் தூக்கி வைக்க நாலு பேர் வந்தாங்க. அதை விடவா எங்கம்மா பாரம்?"

"அடுப்பை ஏத்தி இறக்கி நான் சோதிக்கலையே. உங்கம்மாவைச் சோதிச்சாச்சு."

அந்த வாக்கியம் எத்தனை வருடத்துக்குச் சொல்லிக் காட்டப்படும் என்பதை எந்த முள்ளும் அவருக்குக் காட்டவில்லை.

மணி மூன்றேகால். ஹோட்டலுக்கு இன்னும் ஒரு மைல். தாயும் மகளும் கேக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். வெயில் அதன் பங்குக்கு நடு அடுக்கையும் கவனித்துக்கொண்டது. பக்கத்திலேயே ஜீப் சின்ன கியரில் முனகிக்கொண்டு ஊர்ந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஹீட்டர் போட்டு, உள்ளே ஆய்வாளர் ஒற்றை ஆளாக வெந்துகொண்டிருந்தார்.

முள் மறுபடி ஏறியது.

திகைத்தார். மிச்சம் இருந்த பாரம் அவர் மட்டும்தான். கண்ணாடியைச் சற்றே இறக்கி, செருப்பைக் கழற்றி மனைவியிடம் நீட்டிவிட்டுச் சட்டென்று ஏற்றினார். பிறகு கைக்கடிகாரம். பிறகு சட்டைப்பையில் இருந்த இரண்டு பேனா. முள் அசையவில்லை. கடைசியில் மூச்சு முட்டிப்போய்க் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

முள் சரசரவென்று இறங்கியது.

"பாரு! பாரு! தலையை வெளியே வெச்சதும் இறங்கிடுச்சு!"

மாமியார் நடையை நிறுத்தாமலே சொன்னார். "தலைக்கனம் ஜாஸ்தின்னு மாப்பிள்ளை பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே நான் சொன்னேன். யாரு கேட்டீங்க?"

மீதி வழி முழுக்க அவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார். எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர், தன்னிடம் ஏதோ கேட்கத்தான் நீட்டுகிறார் என்று நினைத்து, "நேராப் போங்க, நேரா!" என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹோட்டல் வாசலில் நின்றார்கள். முள் பச்சையில். கேக், கேக் என்று சொல்லும் நிலையில் இல்லை. மூன்று அடுக்கும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, கிரீமும் சாக்லேட்டும் கலந்து, பெட்டிக்குள் வெதுவெதுப்பாகத் தளும்பின.

மனைவியின் உதடு நடுங்கியது. தலைமைச் சமையல்காரர், தொப்பியும் மீசையுமாக, ஏற்கெனவே படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அழாதடி," என்றார் மாமியார் மெல்ல. "கரண்டி இருக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரெய்லரிலிருந்து கண்ணாடிக் கிண்ணங்களை எடுத்தாள். கரண்டியால் மொண்டு ஊற்றி, தலை நிமிர்ந்து ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "சார், இது கரண்டியால சாப்பிடற கேக். சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடணும்."

சமையல்காரர் முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் வைத்தார். கிண்ணத்தை வழித்தார்.

"இதை எவ்வளவு நேரம், எந்தச் சூட்டுல வெச்சீங்க?"

அவள் கணவனைப் பார்த்தாள். "ஒரு... ஒரு மலை ஏறற நேரம் சார்."

"வாரா வாரம் வேணும். இதே பதம். கொஞ்சம் மாறினாலும் ஒத்துக்க மாட்டேன். முகப்புல கடையும் போட்டுக்குங்க." இரண்டாவது கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆய்வாளர் செருப்பை மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். கேக்கும் தப்பியது, கியர் பாக்ஸும் தப்பியது. இதை நாலு பேர் கேட்கச் சொன்னால்தான் அழகு. போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான்! உன் கியர் பாக்ஸை அலுங்காம நலுங்காம மலை மேல கொண்டாந்துட்டேன்! வழி பூரா அந்த மீட்டரை விட்டு நான் கண்ணை எடுக்கலை!"

"எந்த மீட்டர் மாமா?"

"அதான்டா, முன் கண்ணாடிக்குக் கீழ, மூணு வர்ணத்துல ஒட்டியிருக்கே!"

போனில் கோழிக்குஞ்சுகள் கூட ஒரு கணம் அடங்கின.

"மாமா, அது வண்டிக்குள்ள குஞ்சுங்களுக்குப் புழுக்கமா இருக்கான்னு பார்க்க நான் ஒட்டி வெச்சது!"