மிச்சத்து ஷெரிப்

லண்டன் மாநகரத்தில் சட்டம் ஒழுங்கு என்று ஏதாவது இருந்ததென்றால், அது மிச்சம் என்கிற பேட்டையில், ஒரு கோழிக்கடைக்கு மேல் மாடியில், எங்கள் மினிகேப் ஆபீஸில்தான் இருந்தது. அங்கே ஹெட்செட் மாட்டிக்கொண்டு, வருகிற போனையெல்லாம் எடுத்து வண்டி அனுப்பியவரை நாங்கள் ஷெரிப் என்போம். சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கீழே கோழிக்கடைக்காரர் அதை ஷெரீப் என்று காதில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பிரியாணி கொடுத்தனுப்புவார். இவர் திருத்தியதே இல்லை. பிரியாணி நன்றாக இருக்கும்.

எனக்கு ஐ.டி. வேலை போய், வீட்டில் பகல் வேளையில் மனைவியின் முகத்தைப் பார்க்கும் தைரியமும் போய், எட்டு மாதம் அங்கே கார் ஓட்டினேன். முதல் நாளே ஷெரிப் என்னை உட்கார வைத்து முழு வரலாற்றையும் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்ததால், அமெரிக்காவில் கடலோரமாக, மேப்பில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடக்கூடிய கவுண்டி ஒன்றுக்குப் போனார். அங்கே ஷெரிப் ஆபீஸில், அதாவது அந்த மாவட்டத்துப் போலீஸ் தலைவரின் ஆபீஸில், பதினோரு வருடம் போன் எடுக்கிற வேலை. பிறகு மகள் லண்டனில் குடியேற, இவர்களும் வந்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆபீஸை இவர் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை.

அந்த ஆபீஸ் எப்படி நடக்கும் என்பது எங்கள் டிரைவர்கள் ஏழு பேருக்கும் மனப்பாடம். ஷெரிப்பை யாரும் நியமிப்பதில்லை, ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்குக் கீழே டெபுடிகள். ஒரு ஷிப்டுக்கு மூன்றே பேர்: ஒருவருக்குக் கடற்கரை, ஒருவருக்குச் சதுப்பு நிலம், மூன்றாமவருக்கு மிச்சமிருக்கும் உலகம். கோர்ட் சம்மனை வீடு வீடாகக் கொடுப்பது, ஜெயிலில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போடுவது, தனியாக இருக்கும் கிழவர்களுக்குக் காலையில் போன் செய்து எழுந்தாச்சா என்று கேட்பது, ரோட்டில் படுத்திருக்கும் மாட்டை எழுப்புவது, தரை தட்டிய இறால் படகை இழுப்பது, எல்லாம் அதே ஆட்கள்தான். புயல் வருகிறது என்றால் ஒவ்வொரு கதவாகத் தட்டி வெளியேறச் சொல்வார்கள். வரமாட்டேன் என்பவரோடு வாக்குவாதம் கிடையாது. ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, பெயரையும் நெருங்கிய சொந்தக்காரரின் நம்பரையும் கையில் எழுதிக்கொள்ளச் சொல்வார்கள், பிறகு உடலை அடையாளம் காண வசதியாக இருக்கும் என்று. பாதிப் பேர் உடனே பெட்டி கட்டிவிடுவார்களாம்.

இது கதை என்று நினைத்தேன். ஒரு ஜனவரிக் காலை, ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி பனி உறைந்திருக்க, ஏர்போர்ட் சவாரிக்குப் போயே தீருவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஷெரிப் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கறுப்பு மார்க்கரை என் முன்னால் வைத்தார். நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு டீ போடப் போனேன்.

போன் எடுப்பதில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். என்ன ஆச்சு என்று கேட்கக்கூடாது. எங்கே என்றுதான் முதலில் கேட்க வேண்டும். என்ன ஆச்சு என்று கேட்டால் ஆள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவான், பாதியில் லைன் போய்விட்டால் கதை இருக்கும், இடம் இருக்காது. இது மனைவிக்கும் பொருந்தும். அவர் போன் செய்தாலும் இவர் “எங்க நிக்கிறீர்?” என்றுதான் தொடங்குவார். “குசினிக்குள்ளதான், வேற எங்க” என்று அந்த அம்மா சமையலறையிலிருந்து கத்துவது எங்களுக்கே கேட்கும்.

வினை வந்தது அந்த ஓட்டு விஷயத்தில். ஜனங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் இப்படிப் பொறுப்பில் உட்கார்ந்திருப்பது தன் மனச்சாட்சியை உறுத்துகிறது என்று ஒருநாள் அறிவித்தார். முதலாளி வாயைத் திறக்குமுன் தேர்தல் நாள் குறித்துவிட்டார். தானே வாக்குப்பெட்டியும் செய்தார், பிஸ்கட் டின்னில் துளை போட்டு. எதிர்த்து நின்றவன் ரஞ்சன் என்ற டிரைவர். அவனுடைய வாக்குறுதிகள் இரண்டு: மார்க்கர் பேனா ஒழிப்பு, நாலு மணிக்கு வடை.

ஓட்டுகளை ஷெரிப்பே எண்ணினார். இவருக்கு இரண்டு, ரஞ்சனுக்கு ஆறு. இரண்டில் ஒன்று என்னுடையது. இன்னொன்று யாருடையதென்று தெரியாது, ரஞ்சனுடையது மட்டும் இல்லை. அவன் தனக்கேதான் போட்டுக்கொண்டான். தேர்தலில் நிற்பவன் தனக்கே போட்டுக்கொள்வது அழகில்லை என்ற கொள்கைக்காரர் ஷெரிப். தன் ஓட்டை ரஞ்சனுக்குக் குத்தியிருந்தார். முடிவை வாசித்து, ஹெட்செட்டைத் துடைத்து ரஞ்சன் கையில் கொடுத்து, ஒரு சல்யூட் வைத்து, கார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அன்று முதல் டிரைவர். வண்டியை அவர் ஓட்டிய ஆமை வேகத்துக்குச் சில பயணிகள் நடுவழியில் இறங்கி நடந்தே போனார்கள்.

மூன்றாவது வாரம் அந்த மழை வந்தது. காலை பத்து மணிக்கே ரோடுகளில் தண்ணீர். ஆபீஸில் கரண்ட் போய், எந்தக் கார் எங்கே நிற்கிறது என்று காட்டும் திரை கறுத்துவிட்டது. அந்தத் திரையைத் தவிர ரஞ்சனுக்கு வேறு தெய்வம் கிடையாது. நானும் ஷெரிப்பும் சவாரியில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போது நனைந்து சொட்டச் சொட்ட ஒரு பெண் மேலே வந்தார். தன் அம்மாவை ஒன்பது மணிக்கு எங்கள் டிரைவர் சிவா கிளினிக்குக்கு ஏற்றிப் போனான், இன்னும் போய்ச் சேரவில்லை என்றார்.

ரஞ்சன் ஆபீஸ் மொபைலை ஸ்பீக்கரில் போட்டுச் சிவாவை அழைத்தான். எடுத்தது ஒரு கிழவி. டிரைவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வேர்த்துப்போய் உளறுகிறார் என்றாள். சிவாவுக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்திருப்பான், சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கும். ரஞ்சன் கறுத்த திரையையே பார்த்தான்.

ஷெரிப் எழுந்தார். “ரஞ்சன், நீர்தான் இங்க பொறுப்பு. நான் கதைக்கட்டோ?” என்றார். ரஞ்சன் போனை அவரிடம் கிட்டத்தட்ட எறிந்தான்.

“அம்மா, எங்க நிக்கிறீங்கள்?”

“காருக்குள்ள.”

“வெளியில என்ன தெரியுது?”

“மழை.”

நான் பல்லைக் கடித்தேன். ஷெரிப்பின் குரல் மாறவில்லை. மழைக்கு அந்தப் பக்கம் என்ன தெரிகிறது என்று கேட்டார்.

“பெரிய புல்லுத்தரை. கொடி ஒண்டு நட்டிருக்கு. கோயிலோ எண்டு பாத்தன், கோபுரத்தைக் காணேல்லை.”

“கொடியில என்ன போட்டிருக்கு?”

“ஏழு எண்டு.”

கிளினிக் போகும் வழியிலிருக்கும் கோல்ஃப் மைதானம். ஏழாவது குழிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ரோடுதான். ஷெரிப் அதை ஒரு தாளில் எழுதி ரஞ்சனிடம் நீட்ட, அவன் தன் போனில் ஆம்புலன்ஸை அழைத்தான். சிவாவுக்கு நினைவிருக்கிறதா, விழுங்க முடியுமா என்று ஷெரிப் விசாரித்தார். முடியும் என்றாள் கிழவி. பிளாஸ்க்கில் தேத்தண்ணி இருக்கிறது என்றும் சொன்னாள். சீனி போட்டதா என்றால், தனக்கும் சீனி வருத்தம், போடுவதில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“கடிச்சுக் குடிக்கப் பனங்கட்டி வச்சிருக்கிறன். மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

மகள் ஷெரிப்புக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார். ஷெரிப் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “சத்தியமாச் சொல்லமாட்டன். அதைத் தேத்தண்ணிக்குள்ள கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமாப் பருக்குங்கோ” என்றார்.

நான் காரில் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. சிவா உட்கார்ந்து, தன் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கிழவி காலிப் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, இனி அந்தக் கிளினிக்கில் குடிக்க என்ன இருக்கப்போகிறது என்று என்னிடம் குறைப்பட்டாள்.

முதலாளி அன்றே ஷெரிப்பைப் பழைய நாற்காலியில் உட்காரச் சொன்னார். மக்கள் தீர்ப்பை மீற முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். ரஞ்சன் ராஜினாமா செய்து, பிஸ்கட் டின் மறுபடி வந்து, ஒரே ஒரு ஓட்டுத் தவிர எல்லாம் தனக்கு விழுந்த பிறகுதான் உட்கார்ந்தார். அந்த ஒன்று அவருடையது.

பிறகு எனக்கு வேலை கிடைத்து, லண்டனின் இன்னொரு மூலையான ஹரோவுக்கு வந்துவிட்டேன். போன குளிர்காலத்தில் இதயத்தில் ஆபரேஷன். மனைவி வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாகக் கிடந்தேன். ஒருநாள் காலை பத்து மணிக்கு ஷெரிப்பிடமிருந்து போன் வந்தது.

“எழும்பிட்டீரோ, தம்பி?”

“ஆமா, அண்ணே.”

“சரி.” அவ்வளவுதான், வைத்துவிட்டார். மறுநாளும் பத்து மணிக்கு வந்தது. அதற்கு அடுத்த நாளும், இன்றுவரை தினமும். ஆபரேஷன் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எனக்கு முழுக்கக் குணமாகிவிட்டதென்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.